இருபத்து மூன்றாம் பக்கத்துக் கொலைகாரர்

"இருபத்து மூணாம் பக்கத்தைத் திறங்க சார். நீங்களே படிங்க" என்று தையற்காரர் புத்தகத்தை மேசைமேல் போட்டார். அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. கடையில் யாரையோ பாதி அளவில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்.

அந்த வாடகை நூலகத்தின் சொந்தக்காரரும் ஒரே ஊழியருமான நூலகர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திறந்தார். குதிரைப் பண்ணை ஒன்றில் நடக்கும் காதலும் கொலையும் கலந்த நாவல். இரண்டு மாதமாக அதற்குத்தான் கிராக்கி. இருபத்து மூன்றாம் பக்கத்தில், பண்ணைக்குப் புதிதாக வரும் குதிரை வைத்தியர் தொப்பியைக் கழற்றிக் கதாநாயகிக்கு வணக்கம் சொல்கிறார். அந்த வரிக்கு நேராக, ஓரத்தில், பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்: "இவர்தான் கொலைகாரர்."

"அடப் பாவமே!" என்றார் நூலகர்.

"பாவம் நான்தான். இன்னும் முந்நூறு பக்கம் இருக்கு சார். அந்த ஆள் குதிரைக்கு மருந்து குடுத்தாலும் சந்தேகம், அந்தப் பொண்ணுக்குத் தண்ணி குடுத்தாலும் சந்தேகம். அவ அவனைப் பார்த்துச் சிரிக்கறப்ப 'சிரிக்காதம்மா'ன்னு கத்திட்டேன். சட்டைக்கு அளவு குடுக்க வந்தவர் பயந்துபோய்ட்டாரு."

"உடனே அழிச்சிடறேன்."

"புத்தகத்துல அழிச்சிடுவீங்க. என் மண்டையில யாரு அழிக்கறது?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

நூலகருக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. அவருடைய நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் கோடு போட்ட தாள் ஒன்று ஒட்டியிருக்கும். படித்து முடித்தவர்கள் தங்கள் கருத்தை அதில் எழுதலாம். பென்சிலால்தான் எழுத வேண்டும், முடிவைச் சொல்லக் கூடாது. பன்னிரண்டு வருடமாக யாரும் இதை மீறியதில்லை.

குதிரைப் பண்ணைக்கு வந்த கருத்துகளும் யோக்கியமாகத்தான் இருந்தன. "காதல் பதினாறு பக்கம், புல் வெட்டுவது அறுபது பக்கம். விகிதம் சரியில்லை" என்று ஒருவர். "கதாநாயகன் பேசுவதைவிடக் குதிரை கனைப்பதில் அர்த்தம் அதிகம்" என்று இன்னொருவர். "அழுதேன். ஏன் என்று எழுதினால் நூலகர் கோபிப்பார்" என்று ஒரு நல்ல ஆத்மா. "பெண் குதிரை ஒன்பது மாதத்தில் குட்டி போடுகிறது. பதினோரு மாதம் ஆகும். ஆசிரியர் அவசரப்பட்டுவிட்டார்" என்று எழுதியவர், கால்நடை மருத்துவமனைக் கம்பவுண்டர்.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். தையற்காரருக்கு முன்னால் ஆறு பேர் எடுத்திருந்தார்கள். கடைசியாக எடுத்தது பெரிய டீச்சரின் மருமகள். தலையைக் குனிந்துகொண்டு வந்து தலையைக் குனிந்துகொண்டு போகிறவர். வாயைத் திறந்து நான்கு வார்த்தை பேசி நூலகர் கேட்டதில்லை. அந்தப் பெயரை அப்படியே தாண்டினார். மற்ற ஐந்து பேரில் கம்பவுண்டர்மேல் விரல் நின்றது. மனிதர் எதையும் திருத்தாமல் விடமாட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. பெரிய டீச்சரேதான்.

பெரிய டீச்சர் என்றால், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நூலகத்தின் முதல் உறுப்பினர். அவர் வீட்டில் ஒன்பது பேருக்கும் உறுப்பினர் அட்டை. அவரோடு காலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் இருபது பேரையும் அவர்தான் சேர்த்துவிட்டிருந்தார். அவர் போனால் அத்தனை பேரும் போவார்கள்; அப்புறம் நூலகத்துக்கு ஒரு பூட்டு வாங்க வேண்டியதுதான். பக்கத்துக் கைபேசிக் கடைக்காரர் அதற்காகவே காத்திருந்தார். வாரம் ஒருமுறை வந்து சுவரை முழம் போட்டுப் பார்த்துவிட்டு, "சும்மாதான் சார்" என்று சிரிப்பார்.

"வெள்ளிக்கிழமை வர்றேன். அந்தக் குதிரைப் பண்ணையை எனக்கு எடுத்து வைங்க" என்றார் டீச்சர்.

"கண்டிப்பா டீச்சர்."

"ரெண்டு மாசம் பொண்ணு வீட்டுல இருந்தேன். அங்கயும் ஒரு நூலகம் இருக்கு. புத்தகத்தைக் கையில குடுக்கறதோட சரி, படிக்கறவங்க மேல ஒரு அக்கறை கிடையாது. உங்ககிட்ட அந்தக் கவனிப்பு இருக்கு பாருங்க, அதுக்காகத்தான் எங்க குடும்பமே அங்க வருது."

"அதுல ஒரு குறையும் வராது டீச்சர்" என்று சொல்லி நூலகர் தொலைபேசியை வைத்தார். ஒரு பக்கத்தின் முனை மடிந்திருந்ததற்கே அரை மணி நேரம் பாடம் எடுத்தவர் டீச்சர். கொலைகாரனையே மடித்து வைத்துக் கொடுத்தால் என்ன ஆகும்?

அழிரப்பரை எடுத்தார். எழுதியவர் அழுத்தி எழுதியிருந்தார். பென்சில் போனது, பள்ளம் போகவில்லை. புத்தகத்தைச் சற்றுச் சாய்த்தால் "இவர்தான் கொலைகாரர்" முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே "பக்கங்களை மடிக்காதீர்கள்" என்று அச்சடித்த சீட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டினார். திருப்தியாக இருந்தது.

அன்று மாலையே கம்பவுண்டர் வந்து அதே புத்தகத்தைக் கேட்டார்.

"நீங்கதான் படிச்சிட்டீங்களே?"

"குதிரை சம்பந்தமான தப்பையெல்லாம் குறிச்சு ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடணும். திங்கட்கிழமை குடுத்துடறேன்."

வேண்டாம் என்று சொன்னால் சந்தேகம் வரும். கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை புத்தகம் வந்தது. கருத்துத் தாளில் புது வரி: "23ஆம் பக்கத்தில் சீட்டு ஒட்டி நூலகர் எதை மறைக்கிறார்? நான் பிரித்துப் பார்த்துவிட்டேன். மற்றவர்களும் பார்க்கவும்." சீட்டோடு சேர்ந்து வைத்தியரின் தொப்பியும் பாதி வணக்கமும் உரிந்து போயிருந்தன.

"அதை எழுதினது நீங்கதானே?" என்று நூலகர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"நானா? நான் எழுதுவேனா?" கம்பவுண்டரின் குரல் கூடத்தில் எதிரொலித்தது. "இருபத்தாறு வருஷம் சர்வீஸ் சார். ஒரு குதிரை வைத்தியர் கொலை பண்ணுவாரான்னு நானே ஆசிரியரைத் திட்டி எழுதப்போறேன். அதையே நான் வெளிய சொல்வேனா?"

நாளிதழ் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் நாளிதழை இறக்கினார்கள். மூவரும் அதே புத்தகத்துக்குப் பெயர் கொடுத்துக் காத்திருப்பவர்கள்.

மதியம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, நூலகர் இடது கையால் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"என்னங்க பண்றீங்க? கையில அடியா?"

"சத்தம் போடாதே. ஒருத்தர் மேல பழி இருந்தாத்தான் ஆபத்து. எல்லார் மேலயும் போட்டுட்டா யாருன்னு எப்படித் தெரியும்?"

பண்ணை முதலாளி, சமையற்காரர், வக்கீல், கதாநாயகியின் தோழி, லாடம் அடிப்பவர் என்று யார் கதைக்குள் காலடி வைத்தாலும் ஓரத்தில் "இவர்தான் கொலைகாரர்" என்று எழுதியிருந்தார். மனைவி பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"குதிரையை மட்டும் ஏன் விட்டீங்க? அதுவும்தான் எல்லா இடத்துலயும் நிக்குது."

நூலகர் சற்று யோசித்து, நாற்பதாம் பக்கத்தில் கறுப்புக் குதிரைக்கு நேராக "இதுவும்" என்று சேர்த்தார்.

பெயர் கொடுத்திருந்தவர்கள் விடுவதாக இல்லை. வீட்டுக்குக் கொடுத்தால் வெள்ளிக்கிழமைக்குள் திரும்பாது என்று, "இங்கயே உட்கார்ந்து படிங்க" என்றார் நூலகர். அது அடுத்த தவறு. தனியாகப் படித்தால் சும்மா இருப்பவர்கள், கூட்டமாகப் படித்தால் சும்மா இருப்பார்களா? செவ்வாய்க்கிழமை மாலைக்குள் ஓரங்களில் வழக்கு நடக்கத் தொடங்கியது.

"சமையற்காரர் அப்போது சமையலறையில் இருந்தார். பக்கம் 61 பார்க்க."

"சமையலறைக்குப் பின்வாசல் உண்டு. பக்கம் 9 பார்க்க."

"பின்வாசல் பூட்டியிருந்தது."

"சாவி யாரிடம்?"

"வக்கீலிடம். அவர் முழியே சரியில்லை."

புதன்கிழமை நாற்காலி போதவில்லை. கைபேசிக் கடைக்காரர் தன் கடையிலிருந்து இரண்டு முக்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு, சுவரை அளக்க மறந்து, லாடம் அடிப்பவருக்காக வாதாடிக்கொண்டிருந்தார். தையற்காரர் கூடத் திரும்பி வந்தார்.

"சார், உங்களை அன்னிக்கு ரொம்பப் பேசிட்டேன். தெரிஞ்ச முடிவே இப்ப எனக்கு மறந்துபோச்சு. வைத்தியர் பாவம். எனக்கு அந்தத் தோழி மேலதான் கண்ணு."

வேறு வாரமாக இருந்தால் நூலகர் மகிழ்ந்து போயிருப்பார். ஆனால் புத்தகம், எல்லோரும் கையெழுத்துப் போட்ட மனுவைப் போல ஆகியிருந்தது. நடுவில் எங்கோ கதையும் இருந்தது. பதிப்பகத்துக்குப் பேசி வேறு பிரதி கேட்டார். மறுபதிப்பு வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

வியாழன் நூலகத்துக்கு விடுமுறை. காலை ஒன்பது மணிக்குக் கணவனும் மனைவியும் நான்கு அழிரப்பர்களோடு உட்கார்ந்தார்கள். ஒற்றைப்படைப் பக்கம் அவருக்கு, இரட்டைப்படை மனைவிக்கு. மேசையில் ரப்பர்த் தூள் சிறு குன்றாகக் குவிந்தது. பதினொரு மணிக்கு மனைவியின் கை நின்றது.

"என்ன ஆச்சு?"

"கொஞ்சம் இருங்க. அவன் இப்பத்தான் அவளைக் குதிரையில ஏத்தறான்."

"அழிக்கச் சொன்னா படிக்கறியே!"

"படிக்காம எப்படி அழிக்கறது? எது கதை, எது நம்ம ஆளுங்க எழுதினதுன்னு தெரியவேண்டாமா? 'ஏறாதே, கெட்டுப்போவாய்'னு இங்க ஒருத்தர் எழுதியிருக்கார். நியாயமாத்தான் படுது."

மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்தது. உரிந்துபோன தொப்பியையும் வணக்கத்தையும் மனைவி கறுப்பு மையால் அச்சு எழுத்துப் போலவே எழுதிச் சேர்த்தார். பள்ளம் விழுந்த இடத்தை நூலகர் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தினார். பின்னட்டைத் தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். ஒரு புள்ளி இல்லை.

"பொறந்த குழந்தை மாதிரி இருக்கு" என்றார் நூலகர். மனைவி தோள்பட்டையைத் தடவிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குப் பெரிய டீச்சர் வந்தார். பின்னால் மருமகள், பையோடு. நூலகர் எழுந்து நின்று புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

டீச்சர் நின்றபடியே புரட்டினார். பத்து, இருபது, முப்பது. முகத்தில் இருந்த புன்னகை சிறிது சிறிதாகக் குறைந்தது. மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார். பின்னட்டையைத் திறந்தார். வெள்ளைத் தாள்.

"வேற பிரதி இருக்கா?"

"இல்லீங்க டீச்சர். இதுல ஏதாவது... கறை கிறை...?"

"கறையெல்லாம் இல்லை. சுத்தமாத்தான் இருக்கு." அவர் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். கைப்பையிலிருந்து ஒன்பது அட்டைகளையும் எடுத்து, வயதுவாரியாக அடுக்கி, புத்தகத்தின்மேல் வைத்தார். "உங்களை ரொம்ப நம்பியிருந்தேன். நீங்களும் மத்தவங்க மாதிரி ஆயிட்டீங்க. நடைப்பயிற்சிக்காரங்ககிட்டயும் சொல்லிடறேன்."

"டீச்சர், என்ன குறைன்னு சொன்னா..."

"குறையைச் சொல்லிக் கேட்டு வாங்கற விஷயம் இல்லை அது. தானா வரணும்." அவர் விடுவிடுவென்று படி இறங்கிப் போய்விட்டார்.

நூலகருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு நாள் முழுக்கத் தேய்த்த விரல்கள் மட்டும் எரிந்தன. கண்ணாடிக்கு வெளியே கைபேசிக் கடைக்காரர், முதல்முறையாக உண்மையான வருத்தத்தோடு, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் மட்டும் போகவில்லை. வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, புத்தகத்தை இழுத்து இருபத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"சார், ஒரு பென்சில் குடுங்க. சீக்கிரம்!"

"எதுக்கும்மா?"

"நல்லவன்னு நம்பினவன் கடைசியில கொலைகாரனா மாறினா அத்தைக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது சார், அதனால நான்தான் பன்னெண்டு வருஷமா ஒவ்வொரு புத்தகத்தையும் முன்னாடியே படிச்சு யாருன்னு எழுதி வெச்சு, அவங்க முடிச்சதும் அழிச்சிட்டுக் கொண்டுவந்து குடுக்கறேன், இந்தத் தடவை அவங்க பொண்ணு வீட்டுலேர்ந்து வர்றதுக்குள்ள கெடு முடிஞ்சதால அழிக்காம அப்படியே திருப்பிக் குடுத்துட்டேன், எழுதறது நீங்கன்னு நினைச்சுத்தான் அவங்க ஊரையே இங்க சேர்த்துவிட்டிருக்காங்க!"