வண்டை மிதிக்காத முயல்

செஞ்சி,
ஆவணி அமாவாசைக்கு மறுநாள்.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி தேவராஜ் அவர்களுக்குச் சந்திரப்பிரபு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் நீலாஞ்சனாவும் நலம். அங்கே தாங்களும் அனந்தி அம்மாளும் நலமாக இருப்பதும், மண்டிக்குப் புதுக் கடலை வரத் தொடங்கியிருப்பதும் நேற்றுத் தங்கள் குரலிலேயே தெரிந்தது. தொலைபேசியில் தாங்கள் பேசும்போது ‘ஆமாங்க’ என்பதற்கு மேல் எனக்கு இடம் கிடைப்பதில்லை. ஆகவே கடிதம். நடுவில் வழி தவறிவிடுவேன் என்ற பயத்தால், சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. பேத்தி திரிசலா வைத்த போட்டி.
2. அவளுக்குப் பிடித்த மூன்று வீடியோ கேம்களும், அவற்றில் என் நிலையும்.
3. கேரட்.
4. எதிர்வீட்டு காஸ்பருடன் ஏற்பட்ட மனத்தாங்கல்.
5. வண்டை மிதிக்காமல் ஆறாம் கட்டத்தைத் தாண்ட முடியாது. ஆகவே தாங்கள் மிதித்தீர்கள் என்பது.
6. தசரா விடுமுறை பற்றி என் முடிவு.

முதலாவது தங்களுக்கே தெரியும். இருந்தாலும் வரிசை கெடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். போன கோடை விடுமுறையையும் அதற்கு முந்தைய விடுமுறையையும் திரிசலா தங்களுடன் அவலூர்பேட்டையிலேயே கழித்தாள். இந்தத் தசராவுக்காவது இங்கே வருவாள் என்று நீலாஞ்சனா மாடி அறையில் புதுக் கொசுவலை கட்டிவைத்து, தினமும் மேலே போய் அதை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்குகிறாள். நம் பிள்ளைகளோ, யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்று இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி கேம் பெட்டி வாங்கி அனுப்பிவிட்டு, தீர்ப்பைப் பத்து வயதுப் பெண்ணிடம் விட்டுவிட்டார்கள். அவள் பெங்களூரிலிருந்து சொன்னதை அப்படியே தருகிறேன்: “முயல் கேம்ல யாரு ஆறாவது லெவல் தாண்டுறீங்களோ அந்தத் தாத்தா வீட்டுக்குத்தான் வருவேன். ஏழாவதுக்கு ரெண்டு பேர் வேணும். சும்மா ஆசையா மட்டும் கூப்புடாதீங்க.” நான் சும்மா ஆசையாகக் கூப்பிடுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாதவன் என்பதால், அன்று மத்தியானமே கேம் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவதற்கு வருகிறேன். மூன்று கேம்களும் குழந்தைகளோடு குடும்பமாகப் பார்க்கும் கார்ட்டூன் படங்களிலிருந்து வந்தவை. ஆங்கிலப் பெயர்கள் நீளமாக இருப்பதால் என் வசதிக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். முதலாவது வாத்துக் குடும்பம். வேன் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிய வாத்துகளுக்கு நாம் டிரைவர். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் வேனை ஓரமாக நிறுத்தி ஏரியைப் பார்க்கலாம். சிவப்பு விளக்குக்கு நின்றேன், பின்னால் அவசரமாக வந்த பன்றிக்கு வழிவிட்டேன், அதற்குப் பின்னால் வந்தவர்களுக்கு மட்டும் விடாமலிருப்பது நியாயமில்லை என்று எல்லோருக்கும் விட்டேன், மேல்மலையனூர்க் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட பஸ் போலக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன். இன்னும் முயற்சி தேவை என்று திரையில் வந்தது. இரண்டாவது சமையல் பூதம். ஓட்டல் நடத்தும் ஒரு சாதுவான பூதத்தின் படம். நன்றாகத்தான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்; திரையில் சூரியன் இறங்கியதும் கை தன்னால் அடுப்பை அணைத்துவிட்டது. சமணர்களாகிய நாம் பொழுது சாய்ந்தபின் வீட்டில் யாருக்குப் பரிமாறியிருக்கிறோம்? மேசையில் காத்திருந்த ஒட்டகச்சிவிங்கிகள் முகம் சிவந்து எழுந்து போய்விட்டன. அவற்றுக்கு உண்மையாகவே பசித்திருக்குமோ என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது.

மூன்றாவதுதான் தும்பன் என்ற முயல். படத்தைப் பார்த்துவிட்டு ஆடச் சொல்லி திரிசலா அனுப்பியிருந்தாள். முதல் பாட்டு முடிவதற்குள் தூங்கிவிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை, தாங்களும் சொல்ல வேண்டாம். தும்பனுக்கு வழியெல்லாம் கேரட் கிடக்கிறது. எடுத்துத் தின்றால் பலம். நாம் மண்ணுக்குள் விளையும் கிழங்கை ஒதுக்குகிறவர்கள். முயல் நம் சமயம் அல்ல என்று நீலாஞ்சனா சொன்னாள். சரிதான், ஆனால் பொத்தானை அழுத்துவது என் விரல் அல்லவா? ஆகவே கேரட்டுகளைச் சுற்றிக்கொண்டு, இலை தழைகளை மட்டும் கொறிக்கவைத்து, எலும்பும் தோலுமாக அதை ஆறாம் கட்டம் வரை கொண்டுவந்தேன். வேர்க்கடலையும் மண்ணுக்குள்தானே விளைகிறது என்று தாங்கள் கேட்பீர்கள். வேர்க்கடலையைப் பற்றி நாம் இதுவரை பேசாமல் இருந்ததுபோலவே இனிமேலும் இருந்துவிடுவோம்.

ஆறாம் கட்டம் ஒரு கோட்டை. வாசலில் ஒரு பெரிய கறுப்பு வண்டு. கிட்டே போனால் உறுமுகிறது, விலகினால் பின்னால் வருகிறது, தாவிக் குதித்தால் நம் கால் நேராக அதன் தலைமேல்தான் இறங்கும் என்று தெரிகிறது. எத்தனையோ நாள் ஆடிப் பார்த்தேன். தெற்கே ஓடினேன், மதில் ஓரமாக ஒளிந்தேன், ஒருமுறை கரண்ட் போய் மறுபடி முதல் கேரட்டிலிருந்து தொடங்கினேன். நேற்று அமாவாசை. மலையனூர் அம்மன் கோயில் ஸ்பெஷல் பஸ்களின் சத்தம் தாங்காமல் எதிர்வீட்டு காஸ்பர் என் வீட்டில் வந்து உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற கண்டக்டர், நல்ல மனிதர், மெதுவாகப் பேச மட்டும் வராது. சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இன்னா சார், செஞ்சில பொறந்துட்டு ஒரு கோட்டக் கதவு தாண்ட மாட்டன்றீங்களே. வெளிய சொல்லிடாதீங்க. மிதிங்க சார், பொம்ம வண்டுதான, அடுத்த தபா திரும்பி வந்துடும்” என்றார்.

திரும்பி வரும் என்பதுதான் என் பயமே. மிதிபட்ட வண்டு மறுபடி பிறந்து, மறுபடி என்னிடமே மிதிபட வந்து நின்றால் இந்தக் கணக்கு எந்தப் பிறவியில் தீரும்? இதை அவரிடம் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, “அப்போ என்னாண்ட குடுங்க. எங்க சர்ச்சு ஃபாதர் வண்டுக்கெல்லாம் பாவசங்கீர்த்தனம் கேக்க மாட்டாரு” என்று கையை நீட்டினார். சம்பந்தி, அந்த நேரம் என் கண்ணில் மாடியிலிருக்கும் கொசுவலைதான் தெரிந்தது. கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டேன். தும்பன் தாவக் குனிந்தபோதுதான் நினைவு வந்தது: செய்வது, செய்யவைப்பது, சரி என்று தலையாட்டுவது, மூன்றும் ஒன்றே என்றுதானே நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். பாய்ந்து பிடுங்கினேன். முயல் அகழியில் விழுந்தது. காஸ்பருக்கு விரல் நகம் பெயர்ந்தது. “சர்வீஸ் முழுக்கப் பாத்துட்டேன் சார். டிக்கெட்டும் வாங்கிட்டு, பஸ் கெளம்பறப்ப எறங்கறேன்னு நிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்” என்று சொல்லிவிட்டுக் காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதன்பின் நீலாஞ்சனா தான் மிதிப்பதாகவும், பாவம் தன் கணக்கிலேயே இருக்கட்டும் என்றும் சொன்னாள். அதற்கும் நான் மறுப்புச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கள் தொலைபேசி வந்தது, ஆறாம் கட்டத்தைத் தாண்டிவிட்டதாக. ‘ஆமாங்க’ என்றேன். இப்போது ஐந்தாவதைத் தயக்கத்துடன் சொல்கிறேன். வழி ஒன்றுதான் இருக்கிறது, அது வண்டின் தலைமேல் இருக்கிறது. தாங்கள் தாண்டினீர்கள். ஆகவே மிதித்தீர்கள். நான் குறை சொல்லவில்லை. வியாபாரம் செய்கிறவருக்கு மனம் கொஞ்சம் கெட்டிப்பட வேண்டியிருக்கும். மேல்சித்தாமூர் மடத்துக்குப் போகும்போது இதற்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டால் நல்லது என்பது என் தாழ்மையான எண்ணம். தப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

ஆறாவதாக, என்னால் மிதிக்க முடியாது என்பதால் இந்தத் தசராவுக்கும் திரிசலா அவலூர்பேட்டைக்கே வரட்டும். நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். கொசுவலையை அவிழ்த்துக் கொடுத்தனுப்புகிறேன். அங்கே ஏரிக்கரைக் கொசு அதிகம். நீலாஞ்சனாவிடம் இன்னும் சொல்லவில்லை.

தங்கள் குடும்பத்தில் நோயில்லாமலும், மண்டியில் எடை குறையாமலும், மழை களத்தில் கடலை காயும் நாளைத் தவிர்த்து மற்ற நாட்களில் பெய்தும், அருகன் அருளால் எல்லாம் நலமாக நடக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பணிவுள்ள சம்பந்தி,
சந்திரப்பிரபு.

பின்குறிப்பு: சுத்தப் பிரதி எடுத்துக் கவரில் போட்டபின் இதை எழுதுகிறேன். அடித்துத் திருத்தினால் பக்கம் அசிங்கமாகிவிடும் என்பதால் மேலே எழுதியவை எழுதியபடியே இருக்கட்டும். இன்று காலை அனந்தி அம்மாள் போன் செய்தார்கள். தாங்கள் வண்டை மிதித்ததற்கு நீலாஞ்சனா வருத்தம் தெரிவித்திருக்கிறாள். அதற்கு அவர்கள், “அவரு எங்க மிதிச்சாருக்கா? சாப்டுட்டு, கன்ட்ரோலரக் கையில புடிச்சிக்கினே தூங்கிட்டாரு. எழுந்து பாக்கறாரு, வண்டு ஓரமா போய்ப் படுத்துக்கிச்சு, கதவு தெறந்து கெடக்குது” என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் உடனே தும்பனை வண்டின் எதிரே கொண்டுபோய் நிறுத்தி, கன்ட்ரோலரை மேசைமேல் வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஓடுவதைவிட இது கஷ்டமாக இருந்தது. வண்டு உறுமிக்கொண்டே வந்தது. முயலை முகர்ந்து பார்த்தது. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஓரமாகப் போய்ப் படுத்தது. கதவு திறந்தது. நீலாஞ்சனா கொசுவலையைப் பார்க்க மாடிக்குப் போனாள். திரிசலாவுக்குப் போன் செய்தேன். “படத்துல தும்பன் அப்படித்தான தாத்தா நிக்கும்? நீங்க ரெண்டு பேருமே படம் பாக்கலையா?” என்று கேட்டாள். நம் இருவர் சார்பிலும் பார்த்ததாகச் சொல்லிவிட்டேன். இரண்டு தாத்தாக்களும் பாஸ் என்றும், பாதி விடுமுறை இங்கே, பாதி அங்கே என்றும், முதல் பாதி செஞ்சி என்றும் சொன்னாள். தாங்களும் அப்போது கேம் பெட்டியோடு வாருங்கள், கொசுவலை பெரியது.

ஆகவே சம்பந்தி, ஐந்தாவது குறிப்பு தவறு. ஆறாவதை ஐந்தாவதை நம்பித்தான் எழுதினேன். அதையும் படிக்காமல் விட்டுவிடவும்.