பாறை என்று கத்தினால் துடுப்பு போடவேண்டும்

அன்புள்ள அத்தைக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? உங்களுக்கு இருக்கிற வேலையில் இப்படிக் கடிதம் எழுதித் தொல்லை கொடுப்பதற்கு மன்னியுங்கள். போனில் சொன்னால் அப்பா காதிலும் விழும். மேசை, நாற்காலி, மின்விசிறி மூன்றும் உள்ள அறையை விட்டு நகரமாட்டேன் என்று தையல் மெஷின்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதானே என்னை வேலைக்கு அனுப்பினார்!

மூன்றும் இருக்கின்றன அத்தை. ஆனால் போன வாரம் எங்கள் பாறை ஆய்வு அலுவலகமே, அதாவது நாங்கள் நாலு பேர், ரப்பர் படகில் ஏறிவிட்டோம். அந்த மலை இடுக்குக்குப் பாதை கிடையாது, ஆற்றோடுதான் போகவேண்டும். அங்கே நாற்பது கோடி வயதுப் பாறை மேலே, பத்துக் கோடி வயதுப் பாறை கீழே. தாத்தா பேரன் தோளில் ஏறி உட்கார்ந்த மாதிரி! படகுக்காரர் சொன்னது ஒரே விதி: "முன்னாடி இருக்கிறவங்க பாறையைப் பார்த்தா கத்தணும். கத்தினதும் எல்லாரும் துடுப்பு போடணும்."

முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். வகுப்பில் வருகை சொல்லவே கூசியவள் நான். இருந்தும் "இடது பக்கம் பாறை!" என்று கத்திவிட்டேன். அவ்வளவுதான், மூன்று பேரும் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு "எங்கே, என்ன பாறை?" என்று இடது பக்கமே பாய்ந்தார்கள். "பார்க்காதீங்கய்யா, துடுப்பு போடுங்க!" என்று படகுக்காரர் அலற, எங்கள் அலுவலகத் தலைவர் ஐயா "ஒரு நிமிஷம் தம்பி, எப்படி மடிஞ்சிருக்கு பாருங்க" என்கிறார். அந்த ஆறு ஒரு நிமிஷம் கொடுக்குமா? கவிழ்த்துவிட்டது. மிதவைச் சட்டையோடு தக்கை மாதிரி மிதந்தோம். ஐயா மிதந்துகொண்டே பாறையைத் தட்டிப் பார்த்தார். மறுபடி ஏறியும் திருந்தலை அத்தை, ஒதுங்கின இடமெல்லாம் கல்லு பொறுக்கி மூட்டை கட்டிட்டார், படகு விளிம்பு வரைக்கும் அமுங்கிப்போச்சு, முன்னாடி அடுத்த சரிவு இரையுது. "ஐயா, கல்லு போகட்டுமா, நாம போகட்டுமா? தூக்கிப் போடுங்க!"ன்னு ஒரு குரல். பார்த்தா நான்தான்! அவர் மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு கல்லுக்கும் வயசு சொல்லிச் சொல்லித் தண்ணியில விட்டார். படகு எகிறிச்சு. சிரிச்ச சிரிப்புல என் வாய் நிறைய ஆறு.

கரையேறியதும், இனி அறையா, ஆறா என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரச் சொன்னார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு மாறாது. இனிக் குளியலறைத் தண்ணீர் தவிர வேறெதிலும் கால் வைக்கமாட்டேன். மாமாவுக்கு வணக்கம், குட்டிகளுக்கு முத்தம்.

உங்கள் அண்ணன் மகள்

பி.கு.: ஆறு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மூன்று மாதம் படகில்தான் வேலை. அப்பா உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பார், நீங்களே சொல்லிவிடுங்கள் அத்தை. அவர் வாயில் குண்டூசி கவ்விக்கொண்டு தைக்கிறபோது சொல்லுங்கள். உடனே கத்த முடியாது.