விரிசல் அக்கா அணைத்த மின்விசிறி

தில்லியில் உடையப்போகிற எந்தப் பொருளும் விரிசல் அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் உடையும்.

முனிர்காவில் ஒரு பெண்கள் விடுதியில் அவர் என் அறைத்தோழி. திருநெல்வேலிக்காரர். உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை. எஃகுத் துண்டுகளை இயந்திரத்தில் மாட்டி, லட்சக்கணக்கான தடவை வளைத்து, எப்போது உடைகிறது என்று பார்ப்பார். அந்தப் பழக்கம் விடுதிக்கும் வந்துவிட்டது. யாருடைய ஹேர்பின் கிடைத்தாலும் எண்ணிக்கொண்டே வளைப்பார். எங்கள் மாடியில் பாதிப் பேர் ரிப்பனுக்கு மாறிவிட்டோம். ஒருமுறை டீக்கடை ஸ்பூனை முறித்துவிட்டு, “அச்சா ஸ்டீல், பையா” என்று கடைக்காரரை இந்தியில் பாராட்டினார்.

ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை அவர் கண் எங்கள் மின்விசிறியில் விழுந்தது. அதற்கு நேர் கீழே என் கட்டில். தண்டு உடையப்போகிறது, கட்டிலை நகர்த்து என்றார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மத்திய அரசு வேலை வாங்கியவள். மூன்று கோடை சுவரோரம் வெந்த பிறகுதான் அந்த இடம் எனக்கு வந்தது. நகர மாட்டேன் என்றேன். அக்கா ஸ்விட்சை அணைத்து, அதன் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடத்தில் அறையே வியர்த்து, வார்டன் மாமியைக் கூட்டிவந்தது.

“ஏழு வருஷமா ஆடிண்டுதான் சுத்தறது. விழுந்துதா?”

“அதத்தான் மாமி நானும் சொல்லுதேன். ஏழு வருஷமா ஆடுது.”

எஃகுக்குள் கண்ணுக்குத் தெரியாத படிகங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவற்றின் அடுக்குகள் துளி வழுக்கும். வழுக்கியது முழுசாகத் திரும்பாது. அங்கேதான் விரிசல் பிறக்கும் என்று அக்கா விளக்கினார்.

“சாயங்காலத்துக்குள்ள கண்ணால காட்டு. இல்லேன்னா பெட்டியைக் கட்டிக்கோ” என்றார் மாமி.

அக்காவுக்குத் தில்லியில் வேறு போக்கிடம் இல்லை. கோபம் தீராமலே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அக்கா ஏறி, விசிறித் தண்டின் பெயின்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, துடைத்து, சாக்பீஸ் பொடி பூசினார். விரிசலுக்குள் எண்ணெய் புகுந்திருந்தால் பொடியில் கசிய வேண்டும். கசியவில்லை. மாமி கடிகாரத்தைப் பார்த்தார்.

“எனக்கே தப்பாயிட்டோ, ஏட்டி?” என்றார் அக்கா என்னிடம் மெல்ல.

அப்போதுதான் கொக்கிக்குக் கீழே, வெள்ளைப் பொடியில், தலைமுடி அளவுக்கு ஓர் ஈரக் கோடு தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தண்டைப் பாதி சுற்றி வந்தது. மாமி கோட்டைப் பார்த்தார். என் தலையணையைப் பார்த்தார். பிறகு யாரையும் கூப்பிடாமல் தானே என் கட்டிலை இழுத்து நகர்த்தினார்.

மறுநாள் புதுத் தண்டு வந்தது. மாமி தோசைக் கரண்டியோடு வந்து, இதையும் கொஞ்சம் பார்த்துவிடச் சொன்னார்.

அதன்பின் நான் ஹேர்பின் இரண்டு அட்டையாக வாங்க ஆரம்பித்தேன்: ஒன்று எனக்கு, ஒன்று அக்கா உடைக்க. அவர் வேலை மாறிப்போய் இரண்டு வருடமாகிறது. கடையில் என் வாய் இன்னும் இரண்டு அட்டைதான் கேட்கிறது.