பிழையற்ற தோர்தியா

பதினொன்று நாற்பது. பன்னிரண்டு மணிக்கு, பள்ளிகளுக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் அதிகாரி தோன் அனிசேதோ கிளம்பிவிடுவார். அதற்குள் எலோடியா எழுதிய கணினி விளையாட்டு ஓடிக் காட்டினால் மத்ரித் வட்டாரத்தின் எல்லாச் சமையல் பள்ளிகளுக்கும் போகும். இல்லாவிட்டால் மூன்று வருட உழைப்பு அலமாரிக்குப் போகும்.

"சமையலறைச் சுத்தம் கத்துக்குடுக்குற விளையாட்டு," என்றாள் எலோடியா. "திட்டாது, சொல்லியும் தராது. மாணவனே தப்பைக் கண்டுபிடிக்கணும்."

தோர்தியா என்ற ஸ்பானிய முட்டை அடை செய்யத் திரையில் முட்டைகளை உடைத்தாள். வாணலியைத் தொட்டாள். வாணலி அசையவில்லை.

"அடுப்புக்கு இன்னிக்கு லீவா?" என்றார் அனிசேதோ.

"கற்றல் வடிவமைப்புத் தரவிதி அப்படி." எலோடியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாடத்த நாடகம் மாதிரி அங்கம் அங்கமா பிரிக்கணும். மாணவன், உதவியாளன், பரிமாறுறவன்னு ஆளுக்கொரு வேடம். எல்லா வேடமும் வேலைய முடிச்சாத்தான் அடுத்த அங்கம். என்னளவு கறாரா யாரும் எழுதினதில்ல."

"இப்ப யாரு முடிக்கல?"

"பரிமாறுறவன்தான். சோம்பேறி."

அவனை நீக்கினாள். சரிபார்ப்பு நிரலை ஓட்டினாள். பச்சை விளக்கு.

"பாத்தீங்களா? ஒரு பிழை இல்ல!"

வாணலி அசையவில்லை. பரிமாற ஆளில்லாததால் உதவியாளன் தட்டை ஏந்தியபடி நின்றான்.

அவன் வேடத்தை மாணவனாக மாற்றினாள். பச்சை. உதவியாளனுக்கு மதிப்பெண் விழத் தொடங்கியது. பத்துக்கு ஒன்பது. எலோடியாவுக்குப் பூஜ்யம்.

"நல்லா படிக்கிறான். உங்க சொந்தக்காரனா?"

எலோடியா அவனையும் நீக்கினாள். அடுப்பு அவன் பொறுப்பில் எழுதப்பட்டிருந்தது. அடுப்பும் போயிற்று, வாணலியும் போயிற்று.

பச்சை.

"பிழையே இல்லாம காலியாகுது," என்று சொல்லி அனிசேதோ தன் மேல்கோட்டை எடுத்தார்.

"பாடத்தோட வடிவம் சுத்தமா இருக்கு, தோன் அனிசேதோ. சத்தியமா. சரிபார்ப்பு நிரலே சொல்லுது."

கேண்டீன் சமையல்காரி காசில்டா காப்பியும் சூடான தோர்தியாவும் கொண்டுவந்து வைத்தாள். திரையைப் பார்த்தாள். அங்கே எலோடியாவின் கை ஒன்றுதான் மிச்சம். விரல்களில் மஞ்சள் கரு வழிந்துகொண்டிருந்தது.

"நேத்து நான் இத விளையாடினப்ப கடைசி வரைக்கும் நல்லா ஓடுச்சே," என்றாள் காசில்டா. "ஏம்மா, முட்டை உடைச்ச கையக் கழுவினியா?"