நாலாம் பெட்டுக்கு நான் சொன்ன நல்ல செய்தி

ஆஸ்பத்திரி பார்மசிக்கு யாரும் சந்தோஷமாக வருவதில்லை. நகைக்கடைக்காரருக்கும் மிட்டாய்க்கடைக்காரருக்கும் கிடைக்கிற முகங்கள் எங்களுக்குக் கிடைக்காது. இது தெரியாமல், சிரித்த முகத்தோடு மருந்து கொடுத்தால் பாதி நோய் பறந்துவிடும் என்று நம்பிய ஒருத்தி மதுரையில் இருந்தாள். (வேறு யார், நான்தான்.)

அதற்கு முன் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு சின்ன மெடிக்கலில் இருந்தேன். காய்ச்சல் மாத்திரை, இருமல் டானிக், அதோடு சரி. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் பார்மசி என்றால் என்னவென்று புரிந்தது. ஆபரேஷன் தியேட்டருக்கு மயக்க மருந்து நேரத்துக்குப் போக வேண்டும். அவசரப் பிரிவில் தீர்ந்த ஊசியை அப்போதே நிரப்ப வேண்டும். எழுதிய அளவு அதிகமாகத் தெரிந்தால் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்க வேண்டும். (முதல் தடவை எனக்குக் குரலே எழும்பவில்லை. "யாரும்மா, காத்துதான் வருது" என்றார் அவர்.) எல்லாவற்றுக்கும் மேலே, எங்கள் இன்சார்ஜ் செல்வி அக்கா தினமும் ஓதுகிற மந்திரம் ஒன்று உண்டு: "தேதி முடிஞ்ச மருந்து ஒண்ணு வார்டுக்குப் போச்சுன்னா, நீயும் நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

பாண்டி அண்ணன் பழக்கமானது அந்தச் சமயத்தில்தான். செக்கானூரணிப் பக்கம் விவசாயம். அவர் மனைவி நுரையீரலில் சளி கட்டி, ஐ.சி.யூ.வில் நாலாம் பெட்டில் கிடந்தார். டாக்டர் சொல்வது அண்ணனுக்கு விளங்காது. நிலவரத்தை என் கவுண்டரில்தான் விசாரிப்பார்.

"இன்னைக்கு ஊசி கூடவா, கொறைவாம்மா?"

"ஒண்ணு கொறைச்சிருக்காங்கண்ணே."

"அப்பத் தேறி வாரா."

அன்று மதியம் ஐ.சி.யூ. நர்ஸ் போனில் அவசரமாகப் பேசினார். "நாலாம் பெட் எக்ஸ்பயர்டு. மிச்ச மருந்த அவங்க ஆள்ட்ட குடுத்து விடுறேன், ரிட்டர்ன் எடுத்துக்கங்க." வைத்துவிட்டார்.

நான் வேலை பார்த்த மெடிக்கலில் மருந்துதான் எக்ஸ்பயர் ஆகும். மனுஷர் ஆகமாட்டார். காலாவதியானதையா கொடுத்துத் தொலைத்தேன்? செல்வி அக்கா சாப்பிடப் போயிருந்தார். திருநகர் பஸ்ஸில் நான் அழுதுகொண்டே போவதையும், அம்மா கதவைத் திறப்பதையும்கூட மனசுக்குள் பார்த்து முடித்துவிட்டேன்.

பாண்டி அண்ணன் பையோடு வந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பையைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஒவ்வொரு குப்பியாகத் திருப்பித் தேதி பார்த்தேன். எல்லாமே சரியாக இருந்தன. வேலை பிழைத்த சந்தோஷத்தில், ஹாலில் காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கவுண்டர் மைக்கில் கூவினேன்.

"அண்ணே, எக்ஸ்பயர் ஆகலண்ணே!"

அவர் நிமிர்ந்தார். "என்னம்மா சொல்ற?"

"மேல தப்பாச் சொல்லிட்டாங்க. நானே நல்லாப் பாத்துட்டேன். இன்னும் ரெண்டு வருசம் இருக்கு!"

"நெசமாவா?"

"சத்தியமாண்ணே!"

அவர் மாடிப்படியைப் பார்த்து ஓடினார். செருப்பு ஒன்று கழன்று விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெண்மணி என்னை விநோதமாகப் பார்த்தார். "ஏம்மா, அவரு சம்சாரம் இறந்துபோச்சுன்னு இப்பத்தான லிப்ட்ல அழுதுகிட்டு வந்தாரு?"

அதற்குப் பிறகுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நானும் ஓடினேன். ஏனென்று தெரியாது, அந்தச் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஐ.சி.யூ. வாசலில் அவர் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பார்மசில சொல்றாங்கம்மா. இன்னொரு தரம் பாருங்க." நர்ஸ் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"நான் மருந்தச் சொன்னேண்ணே" என்றேன்.

அடித்தால் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அவர் அடிக்கவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ரொம்ப நேரம் கழித்து என் கையிலிருந்த செருப்பை வாங்கிக்கொண்டார்.

"படியேறி முடிக்கிறவரைக்கும் அவ இருந்தாம்மா" என்றார்.

அவர் யாரிடமும் புகார் சொல்லவில்லை. செல்வி அக்கா என்னை ஒரு மூச்சுத் திட்டினார். பிறகு ஐ.சி.யூ.வோடு சண்டைக்குப் போனார். அன்றிலிருந்து போனில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. இறந்துட்டாங்க என்று தமிழில்தான் சொல்வார்கள்.

எங்கள் வீட்டில் இது வேறு மாதிரி நிலைத்துவிட்டது. என் தம்பி ஆரம்பித்து வைத்தான். எங்கள் சமையல்கட்டில் எதுவும் எக்ஸ்பயர் ஆகாது. "ஜாம் காலமாயிருச்சு" என்பான் அவன். "தயிர் பாக்கெட்டு நேத்தே போய்ச் சேந்துருச்சுடா" என்பார் அம்மா. தம்பிக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் அவன் மனைவி இதைக் கேட்டு மிரண்டாள். இப்போது அவளே, "அண்ணி, இந்தச் சேமியா எப்பத் தவறுச்சு?" என்று துக்கம் விசாரிக்கிறாள்.

எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். ஆனால் குப்பையில் போடுவதற்கு முன்னால் அந்தப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கி, தேதியை நானே ஒரு தரம் பார்த்துவிடுவேன்.