பிரிக்கக் கூடாத இரண்டாம் உறை

இரண்டு உறை முறையில் பெறப்படும் ஒப்பந்தப்புள்ளிகளில், முதல் உறையில் தேறாதவரின் இரண்டாம் உறையைப் பிரிக்காமலே திருப்பித் தர வேண்டும். கொள்முதல் பிரிவில் சேருகிற எழுத்தருக்கு முதல் வாரமே சொல்லித் தருகிற விதி இது. முதல் உறையில் பொருளின் தரம், இரண்டாவதில் விலை. பொருளே சரியில்லை என்றான பிறகு, உள்ளே அந்த மனிதர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க நமக்கு உரிமை கிடையாது. முப்பத்தாறு வருடம் அந்தப் பிரிவில் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். ஒரே ஓர் உறையைக்கூட முறைதவறிப் பிரித்ததில்லை. அந்தப் பெருமையை, காட்டுப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், ஒரு சினிமாவுக்காகத் தொலைத்தேன். அப்போது எனக்கு அறுபத்து நான்கு வயது. விவரம் தெரியாத வயது.

எங்களுக்கு நேர் கீழ் வீட்டில் இருப்பவர் ஏகாம்பரம். பூர்வீகம் பாரிவாக்கம். அவருடைய அப்பா கத்தரிக்காய் போட்ட இடத்தில் இப்போது மூன்று மாடி வீடுகள் நிற்கின்றன. இவர் அம்பத்தூரில் ஓர் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். மனைவி தவறிப்போய்விட்டார், ஒரே மகன் பிரபு கனடாவில். தினமும் காலையில் நானும் அவரும் சேர்ந்து நடப்போம். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். சூப்ரண்டு என்பார், மனம் குளிர்ந்திருந்தால் மாமே என்பார்.

ஏகாம்பரத்துக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. உலகம் அழிந்த பிறகு என்ன நடக்கும் என்று காட்டுகிற சண்டைப் படங்கள். ஊரெல்லாம் பாலைவனமாகியிருக்கும், குடிக்கத் தண்ணீர் இருக்காது, இயந்திர மனிதர்கள் மிச்சமிருக்கிற ஜனங்களை வரிசையில் நிற்க வைத்திருப்பார்கள், கதாநாயகன் மட்டும் எப்படியோ ஒரு தோல் ஜாக்கெட் வாங்கியிருப்பான். (அத்தனை வெயிலில் அது எதற்கு என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். ஒரு வாரம் நடைக்கு வரவில்லை.)

இந்த வகைப் படம் எது வந்தாலும் அவர் பார்ப்பார். அதே வாரம் கனடாவில் பிரபுவும் பார்ப்பான். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு, அவனுக்கு அது காலை, வீடியோவில் கூப்பிடுவான். அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரு மணி நேரம் சண்டை. ஏகாம்பரம் போனில் பேசினால் கனடாவுக்கு நேரடியாகவே கேட்கும். மாடியில் இருக்கிற எனக்குக் கேட்காதா?

"எதிர்பார்த்த அளவுக்கு இல்ல நைனா. டிரெய்லர்ல அவ்ளோ பெரிய சிட்டிய காட்டினான். படத்துல ஒரு குடோனச் சுத்தி சுத்தி ஓடறாங்க."

"உலகமே அழிஞ்சி பூட்ச்சிடா! மிச்சம் ஒரு குடோன்தான் கீது. அப்பறம் எங்க ஓடுவான்?"

"அந்த ரோபோ பேசறது கால் சென்டர் பொண்ணு மாதிரி கீது."

"நீ சூப்பர் படத்தை சூப்பர்னு ஒத்துக்கவே மாட்டியாடா?"

எந்தப் படமானாலும் அப்பனுக்கு சூப்பர். பிள்ளைக்கு எதிர்பார்த்த அளவு இல்லை. இதைப் பல வருடமாகக் கேட்டுக் கேட்டு, நிர்வாக ரீதியாக எனக்கு அரிப்பெடுத்துவிட்டது. எதிர்பார்ப்பு, எதிர்பார்ப்பு என்கிறார்களே, அது எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? பொருள் வந்து இறங்கிய பிறகு 'நான் கேட்டது இதில்லை' என்றால் எந்த அலுவலகத்தில் ஒப்புக்கொள்வார்கள்?

அந்தக் கோடையில், வருடக்கணக்காகப் பேசப்பட்ட ஒரு பெரிய படம் வருவதாக இருந்தது. நான் களத்தில் இறங்கினேன். 'எதிர்பார்ப்புப் படிவம்' என்று ஒன்று தயாரித்தேன். இரண்டு உறை முறை. முதல் உறையில், படத்தில் எதிர்பார்ப்பவை, வரிசை எண்ணுடன். இரண்டாம் உறையில், 'இவ்வகைப் படங்களைத் தாங்கள் பார்ப்பதன் உண்மையான நோக்கம் (மறைக்காமல் எழுதவும்; இரகசியம் காக்கப்படும்)'. இரண்டாவது எதற்கு என்று என் மனைவி சகாயம் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. இரண்டு உறை முறை என்றால் இரண்டு உறை வேண்டுமே!

பிரபு படிவத்தை நிரப்பி இரண்டே நிமிடத்தில் போனில் அனுப்பிவிட்டான். நானே, படிக்காமல் அச்செடுத்து, உறைகளில் போட்டு ஒட்டினேன். ஏகாம்பரம் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். படிவத்தில் பொய் எழுதினால் வேலை போய்விடும் என்று முப்பது வருடம் நம்பி வாழ்ந்த மனிதர் அவர்.

"மாமே, ரெண்டாவது கவர்ல எழுதினது வெளிய போவாதுல்ல?"

"அதுக்குத்தானே ஒட்டிக் குடுக்கச் சொல்றது?" என்றேன், முப்பத்தாறு வருட கம்பீரத்துடன்.

படத்துக்கு இருவரும் சேர்ந்து போனோம். நான் குறிப்பேடு எடுத்துப் போயிருந்தேன். இருட்டில் எழுத வேண்டி போன் வெளிச்சத்தைப் போட்டதும் பின்னாலிருந்து ஒருவர், "யோவ் பெர்சு, பரீட்சையா எழுதற? அணைய்யா!" என்றார். ஏகாம்பரம் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, பள்ளிப் பையனைப் போல உட்கார்ந்திருந்தார். படம் எனக்குப் புரிந்தவரை, தண்ணீர் தொட்டி ஒன்றுக்காக இரண்டே முக்கால் மணி நேரம் சண்டை. எங்கள் குடியிருப்பின் பொதுக்குழுவில் இதையே அரை மணியில் முடித்திருக்கிறோம்.

ஞாயிறு மாலை விசாரணை. விஷயம் பரவி, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இருபது பேர் வந்துவிட்டார்கள். சகாயம் சுண்டல் கொண்டுவந்தாள். பிஸ்கட் டப்பாவில் சாய்த்து வைத்த போனில் பிரபு, கையில் காபியுடன். ஆரம்பமே சூடாக இருந்தது.

"அங்கிள், இன்டர்வெல் வரைக்கும் ஹீரோ தூங்கிகினு கீறான். இதுக்கு இவ்ளோ வருசமா எடுத்தாங்க?"

"தூங்கல, உறைய வெச்சிருக்காங்க! நூறு வருசம் கழிச்சி எழுப்பறாங்க. மூளைய வெச்சி பாருடா!"

"நானும் நூறு வருசம் கழிச்சி பாத்திருக்கலாம் நைனா."

கூட்டம் சிரித்தது. நான் மேசையைத் தட்டி, முதல் உறைகளைப் பிரித்தேன்.

ஏகாம்பரத்தின் எதிர்பார்ப்புகள் ஐந்து. கதாநாயகன் பத்து நிமிடத்தில் வர வேண்டும். பறக்கும் கார் சண்டை இருக்க வேண்டும். வில்லன் கடைசியில் மனிதனா இயந்திரமா என்று தெரிய வேண்டும். ஓர் அம்மா பாத்திரம் இருக்க வேண்டும். முடிவில் மழை பெய்ய வேண்டும். என் குறிப்பேட்டுடன் ஒப்பிட்டேன். கதாநாயகன் எழுபதாவது நிமிடத்தில் கண் விழித்தான். பறக்கும் கார் வந்தது, ஆனால் நிறுத்தியே வைத்திருந்தார்கள். வில்லன் என்னவென்று இரண்டாம் பாகத்தில் தெரியுமாம். மழை இல்லை. அம்மா மட்டும் இருந்தார், புகைப்படத்தில்.

பிரபுவின் உறையில் ஒரே வரி: 'எதுவும் எதிர்பார்க்கவில்லை.'

"ஆக," என்று எழுந்து நின்றேன், "படத்தைக் கிழிகிழியென்று கிழிக்கும் பிரபுவின் எதிர்பார்ப்பு முழுமையாக நிறைவேறியுள்ளது. படத்தை சூப்பர் என்னும் ஏகாம்பரத்தின் எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை."

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். பணியில் நான் எழுதிய எந்தக் குறிப்புக்கும் யாரும் கைதட்டியதில்லை. மேலதிகாரி 'பார்த்தேன்' என்று எழுதினாலே பெரிது. தலைக்கு ஏறிவிட்டது.

முதல் உறையில் ஏகாம்பரம் தேறவில்லை. விதிப்படி நான் இரண்டாம் உறையை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சுண்டல் சாப்பிட்டிருக்க வேண்டும். மாறாக, "எதிர்பார்த்தது கிடைக்கவில்லை, ஆனாலும் சூப்பர் என்கிறார். முரண்பாடு! உள்நோக்கம் என்ன?" என்று கேட்டுக்கொண்டே உறையின் ஓரத்தைக் கிழித்தேன்.

"சூப்ரண்டு, அது வேணாம்," என்றார் ஏகாம்பரம்.

காதில் விழுந்தது. அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன். அலுவலகக் குரலில், ஏற்ற இறக்கத்துடன், கடைசி நாற்காலிக்கும் கேட்கும்படி படித்தேன்.

'என் மகன் இந்த மாதிரி படம் வந்தாத்தான் போன் பண்றான். நான் சூப்பர்னு சொன்னா இல்லேன்னு ஒரு மணி நேரம் பேசறான். நானும் நல்லால்லேன்னு சொல்லிட்டா ரெண்டு நிமிசத்துல வெச்சிடுவான். அதனால எல்லா படமும் எனக்கு சூப்பர்தான். இதுதான் நோக்கம். இப்படிக்கு, ஏகாம்பரம்.'

கடைசி இரண்டு வரியில் என் குரல் தானாகவே இறங்கிவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்திப் பழக்கமில்லை. 'இப்படிக்கு' வரை படித்தேன்.

போனைப் பார்த்தேன். பிரபுவின் முகம் அப்படியே நின்றிருந்தது. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அவன் கண் சிமிட்டியது. அவன் அசையவில்லை, அவ்வளவுதான்.

"நைனா... கொஞ்சம் வேல கீது. அப்பறம் பேசறேன்," என்றான். திரை இருண்டது.

ஏகாம்பரம் எழுந்தார். தன் நாற்காலியைத் துடைத்து, மற்ற நாற்காலிகள் மேல் அடுக்கினார்.

"தீர்ப்பு எழுதிட்டியா? கையெழுத்து போட்டு பத்திரமா வெச்சிக்கோ," என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு படியேறிப் போனார். பிஸ்கட் டப்பாவை மறந்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் சகாயம் சுண்டல் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு ஒரே ஒரு வாக்கியம் பேசினாள். "சர்ச்சுல பாவசங்கீர்த்தனத்துல ரகசியமா கேட்டத சாமியார் மைக்குல படிச்ச மாதிரி பண்ணிட்டீங்களே!"

மறுநாள் காலை ஏகாம்பரம் நடைக்கு வரவில்லை. விசாரித்ததில், நேரத்தை மாற்றிக்கொண்டாராம். நானும் மாற்றினேன். அவர் மறுபடி மாற்றினார். அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கு பால்கனியில் நின்றேன். கீழே ஒரு சத்தமும் இல்லை. பிறகு அதே வகைப் படம் ஒன்று வந்த வாரத்து ஞாயிறும் இல்லை. எரிச்சலூட்டிய அந்தக் கூச்சலுக்காக, கொசுக்கடியில் நின்று காத்திருந்தேன். அவருக்கு அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டது, என்னால்.

தவறு என்றால் எழுத்துமூலம் ஒப்புக்கொள்வதுதான் முறை. எழுதினேன். 'பொருள்: இரண்டாம் உறை விதிமீறிப் பிரிக்கப்பட்டமை – வருத்தம் தெரிவித்தல் – தொடர்பாக.' சகாயம் படித்துப் பார்த்தாள்.

"மன்னிச்சிக்கோங்கன்னு எங்கங்க இருக்கு?"

"நாலாவது பத்தியில."

"முதல் மூணு பத்தியில?"

"முன் நிகழ்வுகள்."

தலையில் அடித்துக்கொண்டாள். கடிதத்தைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்பினேன். தபால்காரர் படியில் என்னைப் பார்த்து, "சார், இது உங்க கீழ்வீடுதானே? பதினெட்டு படி இறங்கியிருந்தா போயிருக்குமே!" என்றார். அந்தப் பதினெட்டுப் படி எனக்குத்தான் இறங்க வரவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்ல?

ஒப்புகை அட்டை கையெழுத்துடன் வந்தது. பதில் வரவில்லை. ஒரு நினைவூட்டு அனுப்பினேன். பிறகு இரண்டாம் நினைவூட்டு. தீபாவளிக்கு வழக்கம்போல கீழே இருந்து இனிப்புப் பெட்டி வந்தது. மேலே, 'அண்ணிக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. சகாயம் விதியைக் கடைப்பிடித்தாள். ஒரு துண்டுகூட எனக்குத் தரவில்லை.

அதன் பிறகு மழை பிடித்தது. நான்கு நாள் விடாமல் கொட்டியது. ஒரு மாலை, கிழமைகூட ஞாயிறு இல்லை, கீழே இருந்து பழைய கூச்சல் எழும்பி வந்தது. பால்கனிக்கு ஓடினேன்.

"செம்பரம்பாக்கம் ஏரிய தொறந்தா தொறக்கட்டும்டா! நான் ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல கீறேன். எனக்கு இன்னா?"

"கரண்ட் போனா இன்னா பண்ணுவே நைனா? இன்வர்ட்டர் வாங்குன்னு எத்தினி வாட்டி சொல்றேன்!"

"வாங்க முடியாது. இன்னா பண்ணுவே?"

கேட்டுக்கொண்டே நின்றேன். இன்வர்ட்டர் பற்றி ஒரு மணி பத்து நிமிடம் போயிற்று. திரையரங்குகளில் அந்த வாரம் உலகம் எங்கேயும் அழியவில்லை. படமே இல்லாமல் பையன் கூப்பிட்டிருக்கிறான். மறுநாளும் கூப்பிட்டான். ஏரி நிலவரம் பற்றி. அதற்கடுத்த நாள் ரசத்தில் பெருங்காயம் முதலிலா கடைசியிலா என்பது பற்றி. ஏகாம்பரம் முதலில் என்றார். அவர் சமையலில் பெருங்காயமே கிடையாது என்று எனக்குத் தெரியும்.

எனக்கு மட்டும் பதில் இல்லை. என் பதிவேட்டில் 'நிலுவையில்' என்று குறித்து வைத்தேன். எங்கள் வீட்டில் அந்த விவகாரம் இன்றுவரை முடியவில்லை. சாம்பாரில் உப்பு குறைவு என்று நான் வாய் திறந்தால், "முதல் உறையில எழுதிக் குடுத்தீங்களா?" என்பாள் சகாயம். எங்கள் மகள் அவள் ஊரிலிருந்து போனில் பேசும்போது ரகசியம் என்று ஏதாவது சொல்ல வந்தால், "அப்பா பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் சொல்கிறாள்.

பிறகு ஒரு நாள் தபால்காரர் வந்து மணி அடித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பதிவுத் தபாலை நீட்டினார். அனுப்புநர்: கீழ் வீடு. ஒப்புகை அட்டை இணைக்கப்பட்டிருந்தது.

உள்ளே ஒரு தாள். 'பொருள்: மன்னிப்பு – போனா போவுது – தொடர்பாக. உன் லெட்டர் மூணும் வந்துச்சி. ரெண்டாவது பாகம் வருதாம். படிவம் இணைச்சிகீறேன்.' நான் வடிவமைத்த அதே படிவம். அதே இரண்டு உறை. முதல் உறையில் ஒரே ஓர் எதிர்பார்ப்பு: 'பக்கத்து சீட்டுல சூப்ரண்டு இருக்கணும். டார்ச் இருக்கக் கூடாது.' இரண்டாம் உறையைப் பசை போட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் நாடா ஒட்டி, அதன் மேல் எழுதியிருந்தது: 'பிரிச்சே, தொலைஞ்சே.'

பிரிக்கவில்லை. பீரோவில், என் ஓய்வூதிய ஆணைக்குக் கீழே இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று சகாயம் என்னை வாரம் ஒருமுறை சோதிக்கிறாள். தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் கிடையாது.

அந்தத் தபால் வந்த அன்று சாயங்காலம் கீழே மறுபடி சண்டை கேட்டது. அம்மா பாத்திரம் இரண்டாம் பாகத்தில் உயிரோடு வருவாரா மாட்டாரா என்று. ஒரு குரல் எப்போதும் போல ஓங்கி வந்தது. மற்றது வழக்கமாகப் போனுக்குள்ளிருந்து கரகரவென்று வரும். இந்த முறை அதுவும் அதே வீட்டுக்குள்ளிருந்து, அதே ஓங்கிய சத்தத்தில் வந்தது. நான் சகாயம் கிறிஸ்துமஸுக்குச் செய்து வைத்திருந்த கேக்கில் ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, பதினெட்டுப் படியும் இறங்கிப் போனேன்.

திரும்பி வந்ததும் பதிவேட்டைத் திறந்து, 'நிலுவையில்' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினேன்: பதில் வரப்பெற்ற நாள், டிசம்பர் 24.