குவைத் டாக்டரின் வலது கை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு, மறைக்கப் போவதில்லை. நர்சிங் முடித்ததும் அது இரண்டு மடங்கானது. தெருவில் யார் தும்மினாலும் கேட்காமலேயே போய் நாடி பிடித்துப் பார்ப்பேன். (என்னைக் கண்டதும் தும்மலை அடக்கிக்கொண்டவர்களும் உண்டு.)

அப்போதுதான் குவைத்துக்கு நர்சுகளைத் தேர்ந்தெடுக்க அங்கிருந்து ஒரு டாக்டர் மெட்ராஸ் வந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் விசா. எனக்கு அது கிடைத்தால் தம்பியும் தங்கையும் தறியில் உட்காராமல் படிக்கலாம்.

துணைக்கு நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வந்தார். ஆரணியில் பட்டு நெய்கிறவர். "நீங்க வராண்டாவுலயே குந்திக்கினு இருங்க. உள்ள வராதீங்க," என்று அவருக்கு உத்தரவு போட்டுவிட்டு, டாக்டர் ஆளெடுத்துக்கொண்டிருந்த ஓட்டல் அறைக்குள் நுழைந்தேன்.

கேள்விகளுக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னேன். பிறகு டாக்டர் தன்னையே நோயாளியாக்கிக் கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வலது தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறதாம். கட்டுப் போட வேண்டும். கையை மார்போடு சேர்த்து அழகாகச் சுற்றி, இடது தோளில் முடிச்சுப் போட்டேன்.

அங்கேதான் வினை. நர்சு போடும் முடிச்சு இழுத்தால் அவிழ வேண்டும். பதற்றத்தில் என் விரல்கள் போட்டதோ, அறுந்த பாவு இழையை இணைக்கத் தறியில் போடும் முடிச்சு. அது அவிழ்ந்தால் புடவை பாழ். ஆகவே அது அவிழாது. போதாக்குறைக்கு விரலை நாக்கில் நனைத்து (ஆமாம், டாக்டர் கண்ணெதிரே) முறுக்கி இறுக்கினேன்.

"வெரி குட். ரிமூவ் இட்," என்றார்.

என் நகம் உடைந்தது. நர்சுகளைத் திரட்டி வந்திருந்த ஏஜென்ட் முயன்றார், அவர் நகமும் உடைந்தது. டாக்டரின் புன்னகை மெல்ல மறைந்தது. கையெழுத்துப் போடும் கை உள்ளே இருந்தது.

"வெளிய நிக்கிற அறுபது பொண்ணுங்க விசாவையும் சேத்துக் கட்டிட்டியேம்மா," என்று ஏஜென்ட் கத்தரிக்கோல் தேடி ஓடினார். கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனதால் நைனா எட்டிப் பார்த்து உள்ளே வந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முடிச்சை ஆராய்ந்தார்.

"சுத்தமா போட்டுக்கிற. இது அவுறாது." டாக்டரிடம் திரும்பி, "நான் கத்துக்குடுத்தது சார்," என்றார்.

டாக்டர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார்.

"அவுறாதுன்னு எனக்கும் தெரியும் நைனா. இப்ப இன்னா பண்றது?"

"தறில இன்னா பண்ணுவோம்?"

நான் தடுப்பதற்குள் குனிந்து கடித்தார். ஒரே கடியில் அறுவதற்கு அது பட்டிழை இல்லையே. ஐந்தாறு கடி தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்து ஏஜென்ட் கத்தரிக்கோலோடு வந்தார். அவருக்குப் பின்னால் வாசலில் அறுபது பெண்கள். குவைத் டாக்டரின் தோளை ஒரு பெரியவர் மென்றுகொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மூன்று பேர் அப்படியே ஊருக்குத் திரும்பிவிட்டதாகக் கேள்வி.

விடுபட்ட கையை உதறிவிட்டு டாக்டர் முதல் கையெழுத்தை எனக்குத்தான் போட்டார். (நாங்கள் இருவரும் சீக்கிரம் வெளியேற வேண்டும் என்பதற்காகத்தான் என்பது ஏஜென்டின் கருத்து.) என் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பும் எழுதினார்: கட்டுப் போடும் வேலை தரக் கூடாது. குவைத்தில் நான்கு வருடம் ஊசி மட்டுமே போட்டேன். தம்பியும் தங்கையும் படித்தார்கள்.

இன்றும் எங்கள் பக்கம் சேவூரிலோ களம்பூரிலோ கல்யாணம் என்றால், "பொண்ணு வேலைக்காகக் குவைத் டாக்டரோட காதையே கடிச்சவரு இவருதான்," என்று நைனாவை அறிமுகப்படுத்துகிறார்கள். அவர் மறுப்பதில்லை. திருத்த மட்டும் செய்வார்:

"காது இல்லப்பா. தோளு."